அடங்காத் தமிழனும் வவுனியா வாக்காளரும்

1977 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இனக்கலவரத்தின்போது செய்தி சேகரிப்பதற்காக நான் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தேன். தெற்கிலிருந்து அகதிகள் வந்துகொண்டிருந்தனர். அவர்களில் பெருந்தொகையானோர் மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்தினர். யாழ்ப்பாணத்தில் உற்றார் உறவினர் இல்லாத அவர்களுக்கு வடக்கு என்றால் வவுனியாவே. ஒரு பாடசாலைக் கட்டடத்தின் விறாந்தையில், கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த முதியவர் ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து, பொலித்தீன் உறையில் சுற்றிவைத்திருந்த ஒரு கோப்பை எனக்குக் காட்டினார். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவருடைய தகப்பனார் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்ததும், அது நிராகரிக்கப்பட்டதும் அதில் இருந்தன. உடுதுணி எல்லாவற்றையும் விட்டு வந்தவர் அந்தக் கோப்பை மட்டும் விட்டு வரவில்லை.

இளவயது, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பு. "ஐயா, இந்த வவுனியாவின் எம்.பி.யாக இருந்த ஒருவர் உங்களுடைய பிரஜாவுரிமைக்காக மந்திரிப் பதவியையே விட்டவர், தெரியுமா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படிங்களா தம்பி? அதுக்கப்புறம் என்ன ஆச்சுங்க?"

அன்று எனக்குப் பதில் வரவில்லை. சென்ற மாதம் கனடாவிலிருந்து ஓர் அன்பர், தமது பாட்டனார் சுந்தரலிங்கத்தின் தேர்தல் வேலைகளுக்காக மாட்டுவண்டியில் வன்னி முழுவதும் அலைந்தவர் என்றும், அவரைப்பற்றி நான் எழுதவேண்டும் என்றும் கேட்டிருந்தார். எழுத அமர்ந்ததும் அந்த விறாந்தைக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

செல்லப்பா சுந்தரலிங்கம் வன்னியில் பிறந்தவர் அல்லர். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் 1895 ஆம் ஆண்டு பிறந்தவர். வன்னி மாவட்டங்களைப்பற்றி ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய கையேடு வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். காய்ச்சலும் காடும் குளங்களுமாக அந்நூல் காட்டும் வன்னிக்கு, அதற்கு முந்திய ஒரு பெயரும் உண்டு: அடங்காப்பற்று. யாழ்ப்பாண அரசருக்கும் பின்னர் வந்த பறங்கியருக்கும் ஒல்லாந்தருக்கும் முழுதாய் அடங்காத நிலம் என்பது அதன் பொருள். ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையை 1803 இல் கைப்பற்றிய பண்டாரவன்னியனை நாம் அறிவோம். அந்த நிலத்தின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்றவருக்கு "அடங்காத் தமிழன்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. அவர் மட்டும் முதலில் அடங்காதவராக இருக்கவில்லை.

ஒக்ஸ்போர்ட் பேலியல் கல்லூரியில் கணிதம் பயின்று முதல் வகுப்பில் தேறியவர். இலங்கை திரும்பியதும் கொழும்பில் பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியில் உப அதிபராக இருந்தார். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதலாவது கணிதப் பேராசிரியரானார். அரசியலில் டீ. எஸ். சேனநாயக்கவின் நெருங்கிய நண்பர். அந்த நட்பின் விளைவாகத்தான் 1936 ஆம் ஆண்டின் கதை நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் சுந்தரலிங்கத்தைப் போற்றுகின்றவர்கள் வேகமாகத் தாண்டிச்செல்லும் இடம் அது.

டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரியும். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்யும், அவரே அமைச்சர். குழு ஒன்றில் ஏறக்குறைய எட்டுப் பேர். 1931 இல் இந்த முறையில் பெரி. சுந்தரமும் மாக்கான் மாக்காரும் அமைச்சர்களாயினர். சபையில் சிங்களவர் பெரும்பான்மையினராயினும், குழுவுக்குக் குழு அந்தப் பெரும்பான்மை சரியாகப் பரவாதிருந்தால் சிறுபான்மையினர் ஒருவர் தெரிவாக இடமிருந்தது. அந்த இடத்தை அடைப்பது எப்படி? எந்த உறுப்பினர் எந்தக் குழுவுக்குப் போகவேண்டும் என்று முன்கூட்டியே பங்கிட்டு, ஏழிலும் சிங்கள உறுப்பினரே அதிகமாக இருக்கச் செய்துவிட்டால் முடிந்தது. எளிய கணக்கு. 1936 இல் ஏழு அமைச்சர்களும் சிங்களவர்களாகவே தெரிவாயினர். அந்தக் கணக்கை வகுத்துக் கொடுத்தவர் பேராசிரியர் சுந்தரலிங்கமே என்பது அன்றைய கொழும்பு அரசியல் வட்டாரம் அறிந்த செய்தி. பின்வந்த வரலாற்று நூல்களும் அவ்வாறே கூறுகின்றன.

தமிழர் ஒருவர் ஏன் இதைச் செய்தார்? அமைச்சர் குழு ஒருமித்த குரலில் கேட்டால் பிரித்தானியர் மேலும் அதிகாரம் தருவர். நாடு விரைவில் விடுதலை பெறும். விடுதலை பெற்ற நாட்டில் படித்த, பண்பட்ட சேனநாயக்காக்கள் நியாயமாக நடப்பர். இதுவே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அவர் தமிழரை விற்றார் என்று எழுதுகின்றவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனிதரை எண்களாகப் பார்த்துக் கூட்டிக் கழித்தார். அந்த எண்களுக்கு அச்சமும் ஆசையும் உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜீ. ஜீ. பொன்னம்பலம் பின்னர் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டு மேடை ஏறியபோது, இந்த அமைச்சர் குழுவே அவர் கையில் கிடைத்த முதற்சான்று.

1940 இல் பேராசிரியப் பணியை விட்ட அவர், 1947 பொதுத்தேர்தலில் சுயேச்சையாக வவுனியாவில் நின்று வென்றார். இன்றைய முல்லைத்தீவு மாவட்டத்தின் பெரும்பகுதியும் அன்று வவுனியா மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. தமிழ்க் காங்கிரஸ் குடாநாட்டை வாரிச்சென்ற அந்தத் தேர்தலில், வவுனியாவில் சுந்தரலிங்கமும் மன்னாரில் சி. சிற்றம்பலமும் சுயேச்சைகளாக வென்று, சேனநாயக்கவின் முதல் அமைச்சரவையில் சேர்ந்தனர். சுந்தரலிங்கத்துக்கு வர்த்தக அமைச்சு. பிரதமருக்கு இரண்டு தமிழ் அமைச்சர்கள் தேவைப்பட்டனர்; பெருநிலப்பரப்பு இருவரையும் கொடுத்தது.

1948 ஆகஸ்டில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. தகப்பன், பாட்டன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்ட அந்தச் சட்டம், பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றையே அறியாத தோட்டத் தொழிலாளரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கியது. அப்போது சுந்தரலிங்கம் அமைச்சராகவே இருந்தார். பொன்னம்பலம் எதிரணியில் நின்று அதைச் சாடினார். அடுத்து டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமை மசோதா வந்தது. நாடற்றவர்களில் எவரெவர் விண்ணப்பிக்கலாம் என்று நிபந்தனை விதித்த மசோதா அது. அதற்கிடையில் பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சராகியிருந்தார். ஆகஸ்டில் எதிர்த்தவர் டிசம்பரில் ஆதரித்தார். ஆகஸ்டில் அமைச்சரவையோடு நின்றவர், டிசம்பரில் வாக்கெடுப்பின்போது சபையைவிட்டு எழுந்து போய்விட்டார். பிரதமர் விளக்கம் கேட்டார். சுந்தரலிங்கம் விளக்கத்துக்குப் பதிலாகப் பதவி விலகினார். மனித உரிமைப் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டதும் அதே டிசம்பரில்தான்.

அந்த எழுந்துபோதல் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஆனால் ஒரு பத்திரிகையாளன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அமைச்சரவையில் சிற்றம்பலம் இருந்தார், பொன்னம்பலம் இருந்தார். இவர் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. மசோதா நிறைவேறி, 1949 இன் 3 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. மிகுதியானவர்களுள் ஒருவர் அந்தத் தகரப்பெட்டிக்காரரின் தகப்பனார். தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகமும் வன்னியசிங்கமும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். பிரஜாவுரிமைக் கேள்வியில் அவர்களும் சுந்தரலிங்கமும் ஒரே பக்கம். இருந்தும் அவர் அந்தக் கட்சியில் சேரவில்லை.

அதன் பிறகு அவருடைய அரசியல், வெளியேறுவதும் வவுனியா மக்கள் திருப்பி அனுப்புவதுமாகவே நடந்தது. தேசியக் கொடியில் வாளேந்திய சிங்கமே நடுநாயகமாக அமைந்ததை எதிர்த்து 1951 இல் நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலில் வவுனியா அவரையே அனுப்பியது. 1952 பொதுத்தேர்தலிலும் வென்றார். சிங்களம் மட்டும் என்ற குரல் ஓங்கிய 1955 இல், மூன்று மாதம் சபைக்கே போகாதிருந்து ஆசனத்தை இழந்தார். மறுபடியும் இடைத்தேர்தல், மறுபடியும் அவரே. 1956 இலும் அவரே. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து தேர்தல்கள், ஐந்திலும் வெற்றி. குளக்கட்டு உடைந்தால் திருத்தித் தரவும், மலேரியாவுக்கு மருந்து அனுப்பவும் ஓர் எம்.பி. தேவைப்பட்ட காட்டுக் கிராமங்கள், தம் எம்.பி. கொடிக்காகவும் மொழிக்காகவும் ஆசனத்தைத் தூக்கி எறிவதை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வாக்குச்சாவடிக்கு நடந்தன. வரலாற்று நூல்களில் சுந்தரலிங்கத்தின் பெயர் இருக்கிறது. நடந்தவர்களின் பெயர் இல்லை. கனடா அன்பரின் பாட்டனார் அவர்களுள் ஒருவர்.

சபைக்குப் போகாமல் இருத்தல் என்பது அயர்லாந்துக்காரர் கையாண்ட ஆயுதம். 1918 டிசம்பர் தேர்தலில் 73 ஆசனங்களை வென்ற சின் பெயின் கட்சி, வெஸ்ட்மின்ஸ்டரை எட்டிப் பார்க்க மறுத்து, அடுத்த மாதமே டப்ளினில் தன் சொந்தச் சபையைக் கூட்டியது. சுந்தரலிங்கம் இங்கிலாந்தில் மாணவராக இருந்த காலம் அது. அந்தச் சபையின் தலைவராகப் பின்னர் வந்த ஈமன் டி வலேராவும் ஒரு கணித ஆசிரியர் என்பது எனக்கு எப்போதும் சுவையான ஒற்றுமையாகத் தோன்றும். பிரித்தானியப் பேரரசுக்கு உள்ளும் இல்லாமல் முற்றாக வெளியும் இல்லாமல் அயர்லாந்தை நிறுத்த, "வெளித்தொடர்பு" என்று ஒரு வாய்பாட்டை 1921 இல் அவர் வகுத்தார். அன்று அதை இரு தரப்பிலும் பலர் கணிதக்காரரின் விளையாட்டு என்று தள்ளினர்.

ஒற்றுமை அத்தோடு முடிகிறது. டி வலேரா உள்நாட்டுப் போரில் தோற்றார், சிறை சென்றார், பழைய தோழர்களோடு முரண்பட்டு வெளியேறினார். ஆனால் வெளியேறியதும் 1926 இல் ஃபியன்னா ஃபோயில் என்ற கட்சியைக் கட்டினார். ஊர் ஊராகக் கிளை வைத்தார். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யமாட்டேன் என்று ஐந்து ஆண்டுகள் சபைக்கு வெளியே நின்றவர், 1927 இல் அது வெறும் சடங்கு என்று கூறிக் கையொப்பமிட்டு உள்ளே போனார். அன்று அவரை ஏசாதவர் இல்லை. 1932 இல் ஆட்சி அவர் கைக்கு வந்தது. அந்தப் பிரமாணத்தையே ஒழித்தார். 1937 இல் ஐரிஷ் மொழியை முதலாவது ஆட்சிமொழியாகக் கொண்ட புதிய அரசியலமைப்பைத் தந்தார். வெளியே போகவும் தெரிந்தவர், உள்ளே வரவும் தெரிந்தவர், எப்போதும் பின்னால் ஆட்களை வைத்திருந்தவர். டி வலேரா பெரும்பான்மையினரின் தலைவர், சுந்தரலிங்கம் சிறுபான்மையினர். இருவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று வாசகர் கேட்கலாம். முழு நியாயமில்லைத்தான். ஆனால் கிளை அமைக்கவும், தன்னைவிடக் குறைந்த அறிவுடையவரோடு ஒரே பாயில் உட்கார்ந்து பேசவும் பெரும்பான்மை தேவையில்லை. செல்வநாயகம் அதைச் செய்தார். சுந்தரலிங்கத்துக்கு அது வரவில்லை.

வந்தது தொலைநோக்கு. தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்டுக்கொண்டிருந்த 1950களின் பிற்பகுதியிலேயே, இனிப் பிரிந்து போவதே வழி என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். ஈழம் என்ற பழைய சொல்லைத் தனிநாட்டின் பெயராக அரசியலில் புழங்கவிட்டவர்களில் அவர் முன்னோடி. ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி என்று 1959 இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெயரில் ஒற்றுமை இருந்தது. 1960 மார்ச் தேர்தலில் வவுனியா முதன்முறையாக அவரைக் கைவிட்டு, தா. சிவசிதம்பரத்தைத் தெரிவு செய்தது. அதன்பின் சுந்தரலிங்கம் நாடாளுமன்றம் திரும்பவில்லை.

1968 இல் அவரை மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் காண்கிறோம். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் சென்று வழிபட வந்தபோது, தடுத்து நின்றவர்களின் முன்னணியில் எழுபது கடந்த அந்த முன்னாள் பேராசிரியர் நின்றார். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அவரைப் போற்றும் கட்டுரைகள் சிலவற்றில் இந்த ஆண்டே வருவதில்லை. அவரைத் தூற்றும் கட்டுரைகளில் 1948 வருவதில்லை. லயத்தில் வாழ்ந்தவனின் வாக்குரிமைக்காக அமைச்சைத் தூக்கி எறிந்தவரும், பக்கத்து ஊரவன் கோயில் வாசற்படி ஏறுவதை மறித்தவரும் ஒருவரே. இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்ள நான் பல காலம் முயன்றேன். அடங்கமாட்டேன் என்ற குணம் இரண்டிலும் ஒன்றுதான். மாவிட்டபுரத்தில் அந்தப் பிடிவாதம் வலியவர் பக்கம் நின்றது என்பதே என்னால் சொல்லக்கூடியது. படி ஏற வந்தவர்களும் அடங்க மறுத்த தமிழர்களே. அவர்களுக்கு அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை.

1970 பொதுத்தேர்தலில் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று தோற்றார். அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சி, நாட்டைப் பிரிப்பது எவருக்கும் நன்மை தராது என்றும், பிரிவினை கேட்போருக்கு ஆதரவு தரவேண்டாம் என்றும் தன் விஞ்ஞாபனத்தில் தமிழ் மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆறே ஆண்டுகளில், 1976 மே 14 இல், வட்டுக்கோட்டையில் செல்வநாயகத்தின் தலைமையிலேயே தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 பொதுத்தேர்தலில் அந்தத் தீர்மானத்துக்கு வாக்குகள் குவிந்தன. முதலில் சொன்னவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அவரை யாரும் மேடைக்கு அழைத்ததாக நான் அறியேன். 1985 பெப்ரவரி 11 ஆம் தேதி காலமானார். வயது 89. அப்போது வன்னியில் துப்பாக்கிச் சத்தம் தொடங்கியிருந்தது. ஒரு முதியவரின் மறைவுக்குப் பத்திரிகைகளில் அதிக இடம் இருக்கவில்லை.

தகரப்பெட்டிக்காரருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். 1977 இல் வந்தவர்களைக் காந்தீயம் என்ற அமைப்பு வவுனியா, முல்லைத்தீவுக் காடுகளில் குடியமர்த்தியது. வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் அதை நடத்தினர். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தலைவர்கள் உரையாற்றிக்கொண்டிருந்தபோது, இவ்விருவரும் கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். 1983 இல் இருவரும் கைதாகினர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984 இல் டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்து மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, அங்கு சிங்களச் சிறைக்கைதிகள் குடியேற்றப்பட்டனர். அந்த நவம்பரில் விடுதலைப் புலிகள் அங்கு நடத்திய தாக்குதலில் அவர்களும் கொல்லப்பட்டனர்.

போர்நிறுத்த காலத்தில், 2003 இன் இறுதியில், வவுனியாவுக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் அந்த முதியவரின் மகனைத் தேடிப் பிடித்தேன். முதியவர் இறந்து பல ஆண்டுகளாகியிருந்தன. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அந்த ஆண்டுதான் நிறைவேறியிருந்தது; விண்ணப்பிக்கத் தேவையில்லை, ஒரு பிரகடனம் போதும். குடியிருப்பில் கிராம சேவையாளர் வந்து படிவங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1948 க்கும் 2003 க்கும் இடையே 55 ஆண்டுகள்.

மகனிடம் அந்தக் கோப்பைப்பற்றிக் கேட்டேன். 84 இல் ஓடி வந்தபோது அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார் என்றார். பிறகு இரண்டு இடப்பெயர்வுகள், ஒன்றில் மழை. "தாளெல்லாம் ஒட்டிப்போச்சுங்க. பிரிச்சா கிழியும். அப்பா செத்தப்ப பெட்டியோட வெச்சுட்டோம்" என்றார். பின்னர் தன் மகளை அழைத்து, படிவத்தில் பாட்டனாரின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார்.